கொடுங்கோலில் இருக்கும் 'கொடு' எந்தக் கொடு?

மார்ச் 2, வாசகர் ஒருவர் எழுப்பியது

"கொடுங்கோல் என்ற சொல்லில் இருப்பது 'தா, கொடு' என்கிற கொடுதான். கோலைக் காட்டி 'கொடு, கொடு' என்று வரி பிடுங்கியதால் வந்த பெயர். 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு' என்று வள்ளுவரே சாட்சி சொல்லிவிட்டார். சர்வாதிகாரம், எதேச்சதிகாரம் எல்லாம் அதே ஆளுக்குப் பிற்காலத்தில் மாட்டிய வடமொழிச் சட்டைகள். பொருள் ஒன்றுதான். யாராவது மறுக்க முடியுமா?"

மார்ச் 2, இரவு

மறுக்கலாம். அதற்கு முன் ஒரு பாராட்டு. தவறான சொற்பிறப்புக்கு இவ்வளவு பொருத்தமான குறளை யாரும் கொண்டுவந்து நிறுத்தி நான் பார்த்ததில்லை. வேலோடு வழிமறித்துப் 'போடு' என்கிறவனும் கோலோடு நின்று குடிகளிடம் கேட்கிற அரசனும் ஒன்று என்கிறது 552ஆவது குறள். கேட்பதும் பிடுங்குவதும்தான் அதன் விஷயமே. ஆனாலும் அந்தக் கொடு இந்தக் கொடு இல்லை.

தமிழில் இரண்டு கொடு உண்டு. ஒன்று தருவது, மற்றது வளைவு. கொடுவாள் என்றால் வளைந்த வாள். கொடுமரம் என்றால் வில். கொடுங்குழை என்றால் வளைந்த காதணி. அதைப் போட்டிருக்கும் பெண் யாரையும் கொடுமைப்படுத்தியதாகத் தகவல் இல்லை. செந்தமிழுக்கு எதிர்ப்பக்கம் கொடுந்தமிழ். அதைப் பேசுகிறவர்கள் கொடியவர்கள் என்றா பொருள்? நேரான வழக்கிலிருந்து கொஞ்சம் வளைந்த தமிழ், அவ்வளவுதான். செங்கோலும் கொடுங்கோலும் அதே ஜோடி. செம்மை நேராக இருப்பது, கொடுமை வளைந்திருப்பது.

இன்னொன்று. கோன் என்றால் அரசன் அல்லவா? ஆகவே கொடுங்கோன்மை என்பது வளைந்துபோன அரசனின் தன்மை.

மார்ச் 3, காலை

மேலே உள்ள கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுதியது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இருபது வருடமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கொடுங்கோன்மையில் கோன் இல்லை. கோல்தான் இருக்கிறது. நல் + மை நன்மை ஆகிறது, வல் + மை வன்மை ஆகிறது, மெல் + மை மென்மை ஆகிறது. அதேபோலக் கொடுங்கோல் + மை கொடுங்கோன்மை. மகரத்துக்கு முன்னால் லகரம் னகரமாகத் திரிகிறது, வேறொன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பாடம்.

இந்தக் கோனை வைத்துப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் நான் முதல் பரிசு வாங்கியிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். "கோன் கோணினால் கோன்மை கொடுங்கோன்மை" என்று கையை உயர்த்திச் சொன்னேன். கைதட்டல் வேறு. நடுவர்களில் ஒருவர் தமிழாசிரியர். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மோனை நன்றாக விழுந்ததால் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

மார்ச் 3, மாலை

வளைவு எப்படிக் கொடுமை ஆனது என்று கேள்வி வந்திருக்கிறது. நல்ல கேள்வி. ஒரு வரியில் முடியாது.

நேராக இருந்தால் நியாயம், வளைந்தால் அநியாயம் என்று பார்ப்பது இன்றும் நம் வாயில் இருக்கிறது. நேர்மை என்கிறோம். கோணல் புத்தி என்கிறோம். குறளில் 'கோடு' ஒரு வினைச்சொல். கோல்கோடி (554), முறைகோடி (559) என்றெல்லாம் வரும். முறை தவறி மன்னன் ஆண்டால் மழையும் முறை தவறும் என்பதற்கு அங்கே கையாளப்படுவது வளைவதற்கான சொல்தான். பரிமேலழகர் செங்கோன்மை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே விளக்கிவிடுகிறார்: அரசன் செய்யும் முறை ஒரு பக்கமும் கோடாமல் செவ்விய கோலைப் போல இருப்பதால் அதற்குச் செங்கோல் என்று பெயர். அவர் கணக்கில் அது உவமை. தங்கப் பூண் போட்ட கைத்தடி அல்ல, நீதியின் வடிவம். செங்கோலில் வருவது சிவப்பு என்று நினைக்கிறவர்களும் உண்டு. செம்மைக்குச் சிவப்பு, நேர்மை என்று இரண்டு பொருளும் இருப்பதால் வரும் குழப்பம் அது.

ஆனால் எனக்கு இந்த விஷயம் உண்மையில் புரிந்தது செங்கோன்மையிலும் இல்லை, கொடுங்கோன்மையிலும் இல்லை. கூடாவொழுக்கத்தில்.

"கணைகொடிது யாழ்கோடு செவ்விது ஆங்கன்ன
வினைபடு பாலால் கொளல்."

அம்பு நேரானது, ஆனால் கொடியது. யாழின் தண்டு வளைந்தது, ஆனால் செவ்வியது. வடிவத்தைப் பார்க்காதே, செய்கிற வேலையைப் பார் என்கிறார் வள்ளுவர். வேடதாரித் துறவிகளைப் பற்றிய குறள் இது (279). சொல் விளையாட்டைக் கவனியுங்கள். கொடிது என்றால் வளைந்தது என்ற பொருள் மட்டும் இருந்தால், அம்பு வளைந்தது என்று ஆகி வாக்கியமே உளறலாகும். வளைவை எல்லாரும் மறந்துபோயிருந்தால் விளையாட்டில் சுவையே இருக்காது. ஆக, அவர் காலத்தில் இரண்டு பொருளும் உயிரோடு இருந்திருக்கின்றன. நேரான ஒரு பொருளைக் கொடிது என்றும் வளைந்த ஒன்றைச் செவ்விது என்றும் சொல்லிப் படிப்பவனை ஒரு கணம் தடுமாற வைக்க அவரால் முடிந்தது அதனால்தான்.

வடமொழியிலும் கோல்தான். தண்டம் என்றால் தடி. பரிமேலழகரும் அதைக் குறிப்பிடுகிறார். ஆனால் அந்தத் தடி போன பாதை வேறு: தடி, பிறகு தண்டனை, பிறகு அபராதம். தமிழுக்கு வந்த பின் இன்னும் இறங்கி, 'காசு தண்டம்', 'தண்டச்சோறு' வரைக்கும் வந்துவிட்டது.

மார்ச் 3, இரவு

சின்னக் குறிப்பு. வளைவதைச் சொன்ன அதே 'கோடு'தான் யானைக் கொம்புக்கும் பெயர். இன்று கோடு என்றால் தாளில் இழுப்பது. அப்படியானால் நேர்கோடு என்று கணக்கில் நாம் சொல்வது நேரான வளைவா? இதை நினைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது.

மார்ச் 5

அலமாரியைக் குடைந்ததில் ஒன்று கிடைத்தது. முல்லைப்பாட்டில் கொடுங்கோல் வருகிறது. ஆனால் அங்கே அதைப் பிடித்திருப்பவன் அரசன் இல்லை, மாடு மேய்ப்பவன்.

போருக்குப் போன தலைவன் வருவானா என்று நற்சொல் கேட்கப் போகிறார்கள் முதிய பெண்கள். சின்னக் கயிற்றில் கட்டிய கன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. அதைப் பார்த்து ஓர் ஆய்மகள், குளிரில் நடுங்கும் தோளில் கைகளைக் கட்டிக்கொண்டு, ஆறுதல் சொல்கிறாள்: "கொடுங்கோற் கோவலர் பின்னின் றுய்த்தர இன்னே வருகுவர் தாயர்." வளைந்த கோலைப் பிடித்த கோவலர் பின்னால் நின்று ஓட்டி வர, உன் அம்மாமார் இதோ வந்துவிடுவார்கள். அந்த வார்த்தையைத்தான் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கொடுங்கோல் என்ற சொல் காதில் விழுந்து மனம் குளிர்ந்த இடம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் கேள்வி கேட்டவர் இதற்கும் "அந்தக் கோவலர் கன்றிடம் பால் கொடு என்று கேட்டார்களா" என்று எழுதியிருக்கிறார். சிரித்தேன். பதில் இல்லை.

மார்ச் 6

சரி, இரண்டாவது பாதிக்கு வருவோம். "சர்வாதிகாரம், எதேச்சதிகாரம் எல்லாம் ஒன்றுதான்." இங்கேதான் எனக்குச் சொந்தமாக ஒரு காயம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ரோமானிய வரலாறு பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. நான் சர்வாதிகாரி என்று எழுதிய இடத்திலெல்லாம், திரும்பத் திரும்ப ஒரே சொல் வருகிறதே என்று நினைத்து, திருத்தியவர் கொடுங்கோலன், சர்வாதிகாரி, எதேச்சதிகாரி என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டார். அச்சில் வந்தது இது: "செனட் சபை சின்சினாட்டஸைக் கொடுங்கோலனாக இருக்கும்படி வேண்டிக்கொண்டது. அவர் ஏரை விட்டுவிட்டு வந்தார்." படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

ரோமில் டிக்டேட்டர் என்பது வசவு இல்லை. ஒரு பதவி. நாட்டுக்கு ஆபத்து வந்தால் ஒரு ஆளிடம் எல்லா அதிகாரத்தையும் கொடுப்பார்கள். அதிகபட்சம் 6 மாதம். வேலை முடிந்தால் அதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். கி.மு. 458இல் சின்சினாட்டஸ் 16ஆம் நாளிலேயே பதவியை விட்டார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். திரும்பவும் ஏர். சொல்லின் வேர் லத்தீனில் 'சொல்லுதல்'. அவர் சொன்னால் சொன்னதுதான். இன்னும் பின்னால் போனால் 'சுட்டிக் காட்டுதல்' என்ற மூலத்திலிருந்து வருகிறது. வடமொழியின் திசை, தேசம், உபதேசம், ஆதேசம் எல்லாம் அதே மூலத்துப் பிள்ளைகள். டிக்டேட்டரும் திசையும் பங்காளிகள்! விரலை நீட்டி அங்கே போ என்கிற ஆள் என்று பார்த்தால் பொருந்தித்தான் வருகிறது.

சொல்லைக் கெடுத்தது இரண்டு பேர். கி.மு. 82இல் சுல்லா என்ற தளபதி கால வரம்பில்லாமல் அந்தப் பதவியை எடுத்துக்கொண்டு எதிரிகளின் பெயர்ப்பட்டியல் ஒட்டிக் கொன்றார். ஆனாலும் பின்னால் தானே விலகினார். கி.மு. 44இல் சீசர் ஆயுள் முழுக்க டிக்டேட்டர் ஆனார். அந்த ஆயுள் சில வாரம்தான் நீடித்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சர்வாதிகாரி என்ற தமிழ்ச் சொல்லும் ஒரு காலத்தில் இதே மாதிரி கெட்ட பெயரில்லாமல் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் சட்டமறுப்பு இயக்கம் நடந்தபோது காங்கிரஸ் கமிட்டிகள் தடை செய்யப்பட்டன. கூடி முடிவெடுக்க வழியில்லை. அதனால் ஒருவரை டிக்டேட்டர், அதாவது சர்வாதிகாரி என்று நியமித்தார்கள். அவரைப் பிடித்தால் அடுத்தவர் சர்வாதிகாரி. அவரையும் பிடித்தால் அதற்கடுத்தவர். 1938இல் சென்னை மாகாணத்தில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும் இந்தப் பட்டம் இருந்தது. சர்வாதிகாரி ஆனால் சிறைக்குப் போக வேண்டும் என்று இருந்த காலம். தற்காலிகம், ஆபத்துக்காலம், எல்லா முடிவும் ஒரு ஆள் கையில்: அசல் ரோமானியப் பொருள் அது. அதே பத்தாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த செய்திகள் அந்தச் சொல்லை ஒரேயடியாகக் கறுப்பாக்கிவிட்டன.

ஆகவே, சர்வாதிகாரம் அளவைச் சொல்கிறது: எவ்வளவு அதிகாரம்? சர்வமும். கொடுங்கோல் விதத்தைச் சொல்கிறது: அதிகாரம் எப்படி நடக்கிறது? வளைந்து. கொஞ்சமே அதிகாரம் உள்ளவனும் கொடுங்கோலனாக இருக்கலாம். நமக்கு வாய்த்த பெரும்பாலான கொடுங்கோலர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். ஒரு முத்திரையும் ஒரு மேஜையும் போதும்.

மார்ச் 6, பிறகு

அதிகாரம் என்பது குறளில் அத்தியாயத்துக்கும் பெயர். மொத்தம் 133. அப்படியென்றால் சர்வாதிகாரம் என்பது முழுக் குறளையும் குறிக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பினார். 133ஐயும் மனப்பாடம் செய்தவர்தான் சர்வாதிகாரி. அந்த ஆட்சியில் வாழ எனக்குச் சம்மதம்.

இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது. மென்பொருள் உலகத்தில் ஒரு பட்டம் உண்டு, 'கருணையுள்ள ஆயுட்காலச் சர்வாதிகாரி'. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம் அப்படித்தான் அழைக்கப்பட்டார். 2018இல் தானே அந்தப் பதவியிலிருந்து விலகினார். சீசரின் பட்டம், சின்சினாட்டஸின் நடத்தை. இதையும் அந்தத் திருத்துநர் கையில் கொடுத்திருந்தால் 'கருணையுள்ள கொடுங்கோலன்' ஆகியிருக்கும்.

மார்ச் 8

எதேச்சதிகாரமா, எதேச்சாதிகாரமா? வடமொழிப் புணர்ச்சிப்படி நெடில்தான் வர வேண்டும்: யதேச்சை + அதிகாரம், யதேச்சாதிகாரம். யதா என்றால் எப்படியோ அப்படி, இச்சை என்றால் விருப்பம். விருப்பம் எப்படியோ அப்படி நடக்கும் அதிகாரம். தமிழில் குறிலோடு எதேச்சதிகாரம் என்பது நன்றாகவே ஊன்றிவிட்டது. நானும் இரண்டையும் எழுதுகிறேன், சண்டை போடத் தெம்பில்லை.

சண்டை போடத் தோன்றுகிற இடம் வேறு. 'அவரை எதேச்சையாகச் சந்தித்தேன்' என்று எழுதுகிறோம். தற்செயலாக என்ற பொருளில். ஆனால் சொல்லின்படி அது 'என் இஷ்டப்படி சந்தித்தேன்' என்று ஆகிறது. வடமொழியில் தற்செயலுக்கு யத்ருச்சை என்று தனிச் சொல் உண்டு. இரண்டும் வாய்க்குள் உருண்டு ஒன்றாகிவிட்டன என்று நினைக்கிறேன். விளைவு வேடிக்கையானது. எதேச்சதிகாரம் என்பதைத் 'தற்செயலாகக் கிடைத்த அதிகாரம்' என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சில ஆட்சியாளர்களுக்கு அது இன்னும் பொருத்தம்.

இதற்குக் கிரேக்கத்தில் 'தானே ஆள்பவன்' என்ற பொருளில் சொல் இருந்தது, ஆட்டோக்ரேட்டர். பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானிய, பேரரசர்களின் மரியாதையான பட்டம். ரஷ்யர்கள் அதை அப்படியே பெயர்த்து சமதேர்ழெத்ஸ் என்றார்கள். மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் காலத்தில் அதன் அழுத்தம் 'எந்த மங்கோலியக் கானுக்கும் கப்பம் கட்டாதவன், யாருக்கும் கீழ்ப்படாதவன்' என்பதில் இருந்தது. அதாவது நாம் இன்று தன்னாட்சி என்கிறோமே, கிட்டத்தட்ட அது. வெளியே இருந்து பார்த்தால் தன்னாட்சி, உள்ளே இருந்து பார்த்தால் எதேச்சதிகாரம்.

மார்ச் 9

கொடுங்கோலனுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'டைரண்ட்' பிறப்பிலேயே கெட்ட சொல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை.

கிரேக்கத்தில் அது தீரன்னோஸ். கிரேக்கர்களின் சொந்தச் சொல்லே அல்ல. ஆசியா மைனர் பக்கமிருந்து போனது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஆர்க்கிலோக்கஸ் என்ற கவிஞர் லிடிய அரசன் கைஜீஸைப் பற்றிப் பேசும்போது இந்த வகை ஆட்சியைக் குறிப்பிடுகிறார். பொருள்: பரம்பரை உரிமையில்லாமல் ஆட்சியைப் பிடித்தவன். நல்லவனா கெட்டவனா என்பது சொல்லுக்குள் இல்லை. ஏதென்ஸை ஆண்ட பிசிஸ்ட்ரேட்டஸ் ஒரு தீரன்னோஸ். ஆனால் அவர் காலத்தைப் பொற்காலம் என்று மக்கள் பேசிக்கொண்டதாக ஏதென்ஸ் அரசியலமைப்பு பற்றிய நூலில் அரிஸ்டாட்டில் பதிவு செய்கிறார்.

இங்கே மொழிபெயர்ப்பாளன் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சோபோக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்துக்குக் கிரேக்கத் தலைப்பில் இந்தச் சொல்தான் இருக்கிறது. 'கொடுங்கோலன் ஈடிபஸ்' என்று போட்டால் நாடகமே செத்தது. ஈடிபஸ் வெளியூரிலிருந்து வந்து, விடுகதையை அவிழ்த்து, ஆட்சியைப் பெற்றவன். தனக்குப் பரம்பரை உரிமை இல்லை என்று நினைக்கிறான். கடைசியில் பார்த்தால் அவன்தான் முந்தைய அரசனின் சொந்த மகன். உரிமையில்லாதவன் என்று நினைத்திருந்தவன் உரிமையுள்ளவன் என்று தெரிகிற நொடியில்தான் இடி விழுகிறது. 'அரசன் ஈடிபஸ்' என்று போடுவதிலும் பாதி போய்விடுகிறது. ஆனால் மீதிப் பாதியாவது தப்பும்.

பிறகு பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் சொல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றினார்கள். குடிகளின் நன்மைக்காக ஆண்டால் முடியாட்சி, தன் நன்மைக்காக ஆண்டால் தீரன்னோஸ் ஆட்சி என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். முடியாட்சி கெட்டுப்போய் வருவது அது. அதற்கு அவர் கையாண்ட சொல் 'வழியிலிருந்து விலகியது' என்று பொருள்படும். படித்தபோது எனக்குக் கோல்கோடி ஞாபகம் வந்தது. ஆளில் வித்தியாசம் இல்லை, திசையில்தான்.

மார்ச் 11

கொடுங்கோலனுக்கு இன்னொரு ஆங்கிலச் சொல்லான டெஸ்பாட்டும் நம் தம்பதியும் ஒரே சொல்!

மார்ச் 11, சற்று நிதானமாக

மேலே இருப்பது உற்சாகத்தில் எழுதியது. ஒரே சொல் இல்லை, ஒரே குடும்பத்துச் சொல். கிரேக்கத்தில் டெஸ்போட்டீஸ் என்றால் வீட்டின் தலைவன். முன்பாதி வீடு, பின்பாதி தலைவன். வேதகாலச் சமஸ்கிருதத்தில் தம்பதி என்றாலும் வீட்டுத் தலைவன்தான். இருமை விகுதி சேர்த்தால் வீட்டுத் தலைவர் இருவர், அதாவது கணவனும் மனைவியும். நம்மிடம் வந்தது அந்த இரண்டாவது பொருள். பின்பாதியில் உள்ள பதிதான் அதிபதியிலும் ஜனாதிபதியிலும் இருக்கிறது.

சொல்லின் பயணத்தைப் பாருங்கள். கிரேக்கப் பக்கம் போனது: வீட்டுத் தலைவன், பிறகு அடிமைகளின் எசமான், பிறகு பைசாந்தியத்தில் உயர்ந்த அரசுப் பட்டம். கிழக்கத்திய கிறிஸ்தவ வழிபாட்டில் ஆயரை இன்றும் மரியாதையாக அப்படித்தான் விளிக்கிறார்கள். 1748இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ அரசுகளை வகை பிரித்து, சட்டமில்லாமல் பயத்தால் நடக்கும் ஆட்சிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அதற்குப் பிறகு மீட்சி இல்லை. நம் பக்கம் வந்தது: கல்யாணப் பத்திரிகைக்குப் போனது.

'தம் + பதி' என்று தமிழாகப் பிரித்து விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மார்ச் 2ஆம் தேதிக் 'கொடு'வுக்கு அண்ணன் அது. என் வீட்டில் இந்த டெஸ்பாட் விஷயத்தைச் சொன்னேன். "இரண்டு தலைவர் என்று இருந்தால் சரி" என்று பதில் வந்தது. மேலே பேசவில்லை.

மார்ச் 14

அராஜகம். இதை யாரும் எடுக்காதது ஆச்சரியம். அ + ராஜகம், அரசனில்லாத நிலை. ஆனால் 'அராஜக ஆட்சி' என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். சொல்லின்படி அது ஆட்சியில்லாத ஆட்சி. கொடுமையான அரசனையும் அரசனே இல்லாத நிலையையும் ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டோம். தவறு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இரண்டிலும் குடிகளுக்கு நேர்வது ஒன்றுதான். காவலன் காவான் என்றால் அவன் இருந்தென்ன, இல்லாமல் என்ன?

அப்புறம், முறை. குறளில் முறை என்றாலே நீதி. முறைசெய்து காப்பாற்றும் மன்னவன், முறைசெய்யா மன்னவன். இன்று? அடக்குமுறை, ஒடுக்குமுறை, வன்முறை. முன்னால் ஒரு சொல்லை ஒட்டவைத்து நீதியை வெறும் வழிமுறை ஆக்கிவிட்டோம். வன்முறை என்ற சொல்லை வள்ளுவரிடம் காட்டினால் 'வலிய நீதி' என்று படித்துவிட்டு நல்லதுதானே என்று கேட்பார்.

மார்ச் 15

இன்று சீசர் கொல்லப்பட்ட தேதி. அவர் செத்த பிறகு மார்க் ஆண்டனி கொண்டுவந்த சட்டம் டிக்டேட்டர் பதவியையே ஒழித்தது. பதவி போனது, சொல் பிழைத்தது. ஆளின் பெயரோ ஜெர்மனியில் கைசராகவும் ரஷ்யாவில் ஜாராகவும் மாறி இன்னும் 2000 வருடம் ஆண்டது.

ரோமிலும் கோல் உண்டு என்பதை விட்டுவிட்டேன். அதிகாரிகளுக்கு முன்னால் கோல்களைக் கட்டாகக் கட்டித் தூக்கிப் போவார்கள், உள்ளே ஒரு கோடரி. கான்சல் என்ற உயர் அதிகாரிக்கு 12 கட்டு, டிக்டேட்டருக்கு 24. அந்தக் கட்டுக்குப் பெயர் ஃபாஸ்கேஸ். இத்தாலிய மொழியில் ஃபாஷோ என்றால் கட்டு, அதிலிருந்து சங்கம். 1919இல் முசோலினி தொடங்கிய அமைப்பு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பாசிசம் என்பது சொல்லளவில் கோல்கட்டுத்தனம். நாம் கோல் வளைந்ததா என்று பார்த்தோம். அவர்கள் எத்தனை கோல் என்று எண்ணினார்கள்.

அதே லத்தீனில் முறுக்குதல் என்ற வினையிலிருந்து பிறந்ததுதான் டார்ச்சர். 'ஆபீஸில் ஒரே டார்ச்சர்' என்று சொல்லும்போது நாம் சுத்தமான சொற்பிறப்பியல் பேசுகிறோம். வளைப்பு, முறுக்கு, கொடுமை.

மார்ச் 20

நான்கு நாளாக ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். 6ஆம் தேதி நான் எழுதிய 'அளவு, விதம்' பிரிவினை சரிதான், ஆனால் போதாது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தன் தவறு தெரிந்ததும் "யானோ அரசன் யானே கள்வன்" என்று விழுந்து சாகிறான். எல்லாருக்கும் தெரிந்த இடம். அதற்கு இரண்டு வரி முன்னால் "தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்". அவனைக் கொடுங்கோலன் என்று முடிக்கவில்லை, கோல் தளர்ந்தவன் என்கிறார் இளங்கோ. பிறகு இந்தச் செய்தி சேரன் செங்குட்டுவன் காதுக்குப் போகிறது. அவனும் அரசன்; சக அரசனின் சாவைப் பற்றிச் சொல்கிறான்:

"வல்வினை வளைத்த கோலை மன்னவன்
செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோ லாக்கியது."

வளைந்த கோலை, போகிற உயிர் நிமிர்த்திவிட்டது. ஒரே கோல்தான். கொடுங்கோல் என்று தனியாக ஒரு கோல் கிடையாது. செங்கோல் வளைந்தால் கொடுங்கோல், நிமிர்ந்தால் மறுபடியும் செங்கோல். டிக்டேட்டர், டெஸ்பாட், தீரன்னோஸ் என்று நாம் பார்த்த சொற்கள் ஒவ்வொன்றும் நல்ல நிலையில் தொடங்கி ஒரு வழியாகக் கீழே இறங்கின, திரும்பவில்லை. கொடுங்கோலுக்கு மட்டும் திரும்பி வர வழி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நிமிர்த்துவதற்கான விலையைச் சேரன் சொல்கிறான்: ஓர் உயிர். அதுவும் ஆட்சி செய்தவனின் உயிர், குடிகளுடையது அல்ல. கோவலனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மதுரையும் எரிந்துவிட்டது. அரசர்கள் அரசர்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் மொழி இது என்று என் மனதின் ஒரு பாதி முணுமுணுக்கிறது. கண்ணகியிடம் கேட்டால் கோல் நிமிர்ந்தது என்று ஒப்புக்கொள்வாளா?

மார்ச் 20, இரவு

ஒரு திருத்தம். மேலே இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியதால் ஒரே காதை என்று தோன்றும். "யானோ அரசன்" வழக்குரை காதை. "வல்வினை வளைத்த" வஞ்சிக் காண்டத்தில், காட்சிக் காதை.

மார்ச் 22

முதல் கேள்வி கேட்டவரிடமிருந்து: "சரி, வளைவு என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் வரி கட்டும் மாதம் மட்டும் என் பொருள்தான்."

552 உங்கள் பக்கம் இருக்கிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை.